எக்ஸ்ரே நல்லம் என்கிறார்கள், உம்மாவுக்கு நிம்மதியில்லை

கேள்வி: என் உம்மாவுக்கு 66 வயது. மருதமுனையில் இருக்கிறோம். எட்டு மாதத்துக்கு முன் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் அவவின் வலது முழங்காலை மாற்றினோம். நாலாம் நாள் வானில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பிசியோவுக்கு இங்கே இரண்டு தரம் மட்டும்தான் போனோம். பிறகு மழை, பிறகு வீட்டுக் கரைச்சல் என்று விட்டுவிட்டோம். இப்போது டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "நூற்றுக்கு நூறு சரி" என்கிறார். உம்மாவோ "இதுக்கா காலை வெட்டின நான்?" என்று அழுகிறா. முன்பு நடக்கும்போது எலும்பு உரசுவது போல் இருந்த நோ இப்போது இல்லை. ஆனால் கீழே இருக்க ஏலாது, தொழுகையில் நெற்றி நிலத்தில் பட சுஜூது செய்ய ஏலாது. படி இறங்கும்போது முழங்கால் சிரட்டைக்கு முன்னால் குத்துகிறது. வெட்டின தழும்புக்கு வெளிப்பக்கம் விறைச்சுக் கிடக்கிறது. பின்னேரமானால் சூடாகி வீங்குகிறது. சில நேரம் "டக்" என்று சத்தமும் வரும். காலை முழுதாக நீட்ட முடியவில்லை. படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே தலகணி வைத்துத்தான் நித்திரை. சீனி வருத்தம் 15 வருடமாக இருக்கிறது. இடது முழங்காலும் தேய்ந்து வளைந்து விட்டது, அதையும் மாற்றச் சொல்கிறார்கள். முதல் கால் சரிவராமல் இரண்டாவதைச் செய்யலாமா? பழையபடி தறியில் இருக்க வேண்டும் என்பதுதான் உம்மாவின் ஆசை. (மகள், மருதமுனை)

பதில்:

சகோதரிக்கு,

டொக்டர் சொன்னதும் உண்மை, உம்மா சொல்வதும் உண்மை. எக்ஸ்ரேயில் தெரிவது உலோகம் சரியான கோணத்தில் இருக்கிறதா, எலும்போடு ஒட்டி நிற்கிறதா, இடையில் கறுப்புக் கோடு ஏதும் விழுந்திருக்கிறதா என்பவை மட்டும்தான். தொடைத் தசை எவ்வளவு மெலிந்து விட்டது, கால் எத்தனை பாகை நீள்கிறது, படியில் ஏன் குத்துகிறது, தொழும்போது மனம் ஏன் நோகிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் விழாது. எனவே "எக்ஸ்ரே நல்லம்" என்பது ஒரு கேள்விக்கான பதில்தான். உம்மா கேட்பது வேறு கேள்விகள்.

முழங்கால் மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லாமல்தான் இருக்கிறார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1,703 பேரைப் பின்தொடர்ந்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில் 19 சதவீதமானோர் திருப்தியில்லை என்றார்கள். அவர்களிடையே மிகப் பெரிய காரணமாகத் தெரிந்தது, எதிர்பார்த்தது கிடைக்காமல் போனதுதான். எதிர்பார்ப்பு நிறைவேறாதவர்களுக்கு அதிருப்தி வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பத்து மடங்குக்கும் மேலாக இருந்தது. கதிரையில் சாப்பிட்டு, கதிரையில் வேலை செய்யும் மக்களிடம் வந்த கணக்கு அது. பாயில் இருந்து பழகியவர்கள், திருவலையில் குந்தித் தேங்காய் துருவுகிறவர்கள், ஐந்து நேரமும் நெற்றி நிலத்தில் படத் தொழுகிறவர்கள் ஆகியோரின் எதிர்பார்ப்பு நிலத்தோடு ஒட்டியே இருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன் இதைப் பற்றி யாரும் உம்மாவிடம் பேசவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தில் இருந்து விளங்குகிறது. உம்மாவின் அழுகையை நன்றியில்லாத பேச்சாக வீட்டில் யாரும் எடுக்க வேண்டாம்.

இனி அவவின் முறைப்பாடுகளை ஒன்றாகப் பார்க்காமல் பிரித்துப் பார்ப்போம். சில இந்தச் சத்திரசிகிச்சையோடு கூடவே வருபவை. சில இன்னும் சரிவரக் கூடியவை. ஒன்றிரண்டைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

விறைப்பு, சத்தம், சூடு: இந்த மூன்றுக்கும் பயப்படத் தேவையில்லை. முழங்காலுக்கு முன்னால் நேர்கோடாக வெட்டும்போது தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் ஒரு சிறு நரம்புக் கிளை அறுபடும். அது உட்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கம் ஓடுவதால், தழும்புக்கு வெளிப்பக்கத் தோல் மரத்துப் போகிறது. ஒரு வருடத்துக்குள் அந்த இடம் சுருங்கும். உள்ளங்கை அளவாக இருந்தது பெரிய நாணயம் அளவாகி அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. "டக்" என்ற சத்தம் உலோகம் பிளாஸ்டிக்கில் படுவது. தொடையெலும்பின் அடியிலும் கீழ்க்கால் எலும்பின் மேலும் ஏறத்தாழ 1 செ.மீ. தடிப்பில் சீவி எடுத்து, மேலே உலோக மூடியும் கீழே உலோகத் தட்டும் பொருத்தி, இடையில் கடினமான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். சத்தத்தோடு நோவோ, கால் விலகுவது போன்ற உணர்வோ வராத வரை அதை விட்டுவிடலாம். பின்னேரச் சூடும் இலேசான வீக்கமும் ஒரு வருடம் வரை இருக்கலாம். ஆனால் காலையிலும் சூடு குறையாமல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனால் அது வேறு கதை. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய தலகணிதான். முழங்காலை மடக்க முடியாததை எல்லோரும் கவனிப்பார்கள். நீட்ட முடியாததை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் நடையைக் கெடுப்பது நீட்ட முடியாத கால்தான். கால் நேராகி நின்றால் எலும்பின் மேல் எலும்பு நின்று உடம்பைத் தாங்கும். தசைக்கு ஓய்வு கிடைக்கும். 10 பாகை வளைந்தே நின்றால் தொடைத் தசை ஒரு நிமிடமும் விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இழுவை முழுவதும் சிரட்டைக்குப் பின்னால் அழுத்தமாக விழும். படி இறங்கும்போது முன்பக்கம் குத்துவதற்கும், பின்னேரம் சூடேறுவதற்கும், "கால் களைக்குது" என்பதற்கும் இது ஒன்றே போதுமான காரணம். முழங்காலுக்குக் கீழே தலகணி வைத்தால் அந்த நேரம் சுகமாக இருக்கும். ஆனால் இரவு எட்டு மணி நேரம் கால் வளைந்து கிடந்தால், பின்பக்கத் தசைநாரும் மூட்டைச் சுற்றிய உறையும் அந்த வளைவிலேயே இறுகிவிடும். தலகணி வேண்டுமென்றால் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள், முழங்காலுக்குக் கீழே வேண்டாம்.

எவ்வளவு குறை இருக்கிறது என்று அளந்து கொள்ளுங்கள். உம்மாவைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, குதிக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வையுங்கள். முழங்காலின் பின்பக்கம் தானாகக் கீழே இறங்க வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் இடுப்புக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலும், முழங்காலின் வெளிப்பக்க நடுவிலும், கணுக்காலின் வெளிப்பக்க எலும்பிலும் பேனாவால் மூன்று புள்ளி வையுங்கள். கைபேசியைக் கட்டிலின் உயரத்துக்குத் தாழ்த்தி நேர் பக்கவாட்டில் படம் எடுங்கள். மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இருந்தால் 0 பாகை, அதாவது முழு நீட்டம். 5 பாகைக்குள் குறை என்றால் பெரிதாகப் பாதிக்காது. 10 பாகையைத் தாண்டினால் நொண்டல் வரும். மடக்கை அளக்க, கதிரையில் இருத்திக் குதிக்காலை நிலத்தில் உரசிக்கொண்டு எவ்வளவு பின்னால் கொண்டு போக முடியுமோ அங்கே நிறுத்திப் படம் எடுங்கள். கீழ்க்கால் செங்குத்தாக நின்றால் ஏறத்தாழ 90. அதைத் தாண்டிக் குதிக்கால் கதிரைக்குக் கீழே போனால் 100, 110 என்று கூடும். இரண்டு படத்தையும் திகதியோடு வைத்திருங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எந்த வேலைக்கு எத்தனை பாகை மடக்கு வேண்டும் என்று தெரிந்தால் உம்மாவின் ஏமாற்றத்தில் பாதி விளங்கும். சமதரையில் நடக்க 65 முதல் 70 போதும். படி ஏற இறங்க 85 முதல் 100. சாதாரணக் கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்ப 90 முதல் 105 வேண்டும். சப்பாணி கட்டி இருக்கவும் குந்தவும் 130க்கு மேலே போக வேண்டும். மாற்றிய முழங்கால் பெரும்பாலும் 110 முதல் 120 வரையில் நின்றுவிடும். அதையும் தீர்மானிப்பது சத்திரசிகிச்சைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதுதான். முன்பு 100 மடங்கிய கால், மாற்றிய பின் 130 மடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே சப்பாணி கட்டி இருப்பதும் திருவலையில் இருப்பதும் பெரும்பாலும் திரும்பி வராது. மேசையில் பூட்டிக் கையால் சுற்றும் திருவலை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். குந்து மலசலகூடம் என்றால் கொமட் போடுங்கள். அதற்கு வசதியில்லாவிட்டால் நடுவில் ஓட்டையுள்ள கொமட் கதிரையை மேலே வைக்கலாம். இந்தச் செலவுகளை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம்.

சுஜூது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நெற்றியை நிலத்தில் வைக்கும்போது தொடை ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். முழங்கால் மடங்குவது 90 முதல் 110 பாகை அளவில்தான். இரண்டு சுஜூதுக்கு நடுவிலும் அத்தஹிய்யாத்திலும் குதிக்காலின் மேல் அமர்வதற்குத்தான் 140, 150 பாகை வேண்டும். அதாவது முடியாதது அமர்வு. சுஜூது முற்றாக முடியாதது அல்ல. ஆறிய காயத்தோடு முழங்காலை ஊன்றுவதால் உள்ளே இருக்கும் உலோகம் கழன்றுவிடாது. மரத்துப் போன தோலில் ஊன்றுவது அருவருப்பாகவும் பயமாகவும் இருப்பதால்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கட்டில் மெத்தையில், சுவரைப் பிடித்துக்கொண்டு, அரை நிமிடம் முழங்காலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு மடிப்புப் பஞ்சு விரிப்பில். ஆனால் ஒரு தடை இருக்கிறது: நிலத்தில் இருந்து எழும்ப மற்றக் கால் பலமாக இருக்க வேண்டும், உம்மாவின் இடது காலோ தேய்ந்து கிடக்கிறது. எழும்ப முடியாமல் தடுமாறி விழுந்தால், உலோகத்துக்குச் சற்று மேலே தொடையெலும்பு முறியலாம். அதைச் சரிசெய்வது முதல் சத்திரசிகிச்சையை விடக் கஷ்டம். ஆகவே இப்போதைக்குக் கதிரையில் தொழுவதே பாதுகாப்பு. கதிரை ஆடாமல், 45 முதல் 50 செ.மீ. உயரமாக, கைபிடியோடு இருக்கட்டும். எதைக் கதிரையில் செய்வது, எதை நின்று செய்வது என்பதை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். "இது என்னால் முடியும், இது முடியாது" என்று உம்மாவே அவரிடம் பிரித்துச் சொல்வது நல்லது. தொழுகை குறைபட்டு விட்டதே என்ற கவலைதான் பல வயதானவர்களின் அதிருப்தியில் பெரிய பங்கு. அதற்கு பிசியோவில் மருந்தில்லை, மார்க்கம் தெரிந்தவரின் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

இப்போது பயிற்சி. எட்டு மாதம் போய்விட்டது என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. இறுகிய மூட்டை மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடும் முறை முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆனால் தசையின் பலத்துக்குக் கெடு கிடையாது. சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. முறையாக வேலை கொடுக்காவிட்டால் ஒரு வருடம் கழித்தும் அது மெலிந்தே இருக்கும். இரண்டு தரம் மட்டும் பிசியோவுக்குப் போன ஒருவரிடம் அந்தப் பலம் திரும்பியிருக்க வழியில்லை.

முதலில் நீட்டம். கட்டிலில் காலை நீட்டி இருந்து, குதிக்காலுக்குக் கீழே தடிப்பாகச் சுருட்டிய துவாயை வைத்து, முழங்காலுக்குக் கீழே வெறுமையாக விட்டு, 10 நிமிடம். நாளுக்கு நான்கு தரம். நான்கு தொழுகைகளுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு வாரம் கழித்து, சிரட்டைக்கு மேலே தொடையில் ஒரு கிலோ அரிசிப் பையை வைக்கலாம். பின்பக்கம் இழுப்பது போல் இருக்கும், அது வேண்டும். சீனி வருத்தத்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக் கூடும் என்பதால், ஒவ்வொரு தரமும் குதிக்காலைப் பாருங்கள். சிவந்து, சிவப்பு மறையாமல் நின்றால் துவாயை மென்மையானதாக மாற்றுங்கள். அதே நிலையில் முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையை இறுக்கி 5 வினாடி பிடித்து விட வேண்டும், 10 தரம்.

பிறகு பலம். கதிரையில் இருந்து எழும்பி இருப்பதுதான் ஆகச் சிறந்த பயிற்சி. முதலில் தலகணி போட்டு உயர்த்திய கதிரையில், கையைப் பிடியில் வைத்து 8 தரம், ஓய்வு, இப்படி மூன்று சுற்று. எழும்புவதை விட மெதுவாக, மூன்று வரை எண்ணி இருப்பது முக்கியம். படியில் குத்துவதைக் குறைப்பது அந்த மெதுவான இறக்கம்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் உயரத்தைக் குறையுங்கள். மூன்றாம் வாரத்தில் இருந்து படிப் பயிற்சி: ஏறத்தாழ 10 செ.மீ. உயரமான அசையாத கல்லோ பலகையோ போதும். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலை மேலே வைத்து ஏறி, அந்தக் காலாலேயே உடம்பைத் தாங்கி மெதுவாக இறங்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யுங்கள். தினமும் செய்தால் சீக்கிரம் பலன் வரும் என்று நினைத்துத்தான் பலர் காலை வீங்க வைக்கிறார்கள். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் அன்று பலப் பயிற்சி வேண்டாம், அடுத்த தரம் பாதி செய்யுங்கள். நீட்டத்தை மட்டும் ஒருநாளும் விட வேண்டாம். பயிற்சியால் உலோகம் தேய்ந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு 82 வரை 25 வருடம் நிலைக்கின்றன என்று 2019 இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது.

நோ குறைய, பயிற்சிக்கு அரை மணி நேரம் முன் இரண்டு பரசிற்றமோல் குளிசை எடுக்கலாம். 24 மணி நேரத்தில் எட்டைத் தாண்டக் கூடாது, ஈரல் வருத்தம் இருந்தாலோ உடல் மிக மெலிந்திருந்தாலோ டொக்டர் சொல்லும் அளவு மட்டும். டைக்லோபெனாக் போன்ற நோ மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். 15 வருடச் சீனி வருத்தக்காரரின் சிறுநீரகம் அதற்குத் தாங்காது. பின்னேரச் சூட்டுக்கு ஐஸை துணியில் சுற்றி 15 நிமிடம். மரத்த தோலில் நேரடியாக வைத்தால் தெரியாமலே புண்ணாகும். சுடுதண்ணீர் ஒத்தடம் வீக்கத்தைக் கூட்டும். எண்ணெய் போட்டுத் தொடையையும் கெண்டைக்காலையும் மெல்லத் தடவலாம். முழங்காலைப் பிடித்து மடக்கி நெரிக்க யாரையும் விடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். வெட்டிய காயம் என்று சொல்லி முட்டை, இறால், சூரை மீன், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி என நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். எட்டு மாதத்துக்குப் பிறகும் அந்தப் பத்தியம் தொடர்ந்தால், கரைந்த தசை எதைக் கொண்டு வளரும்? ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கும் உணவைத் தவிர மற்ற எல்லாம் சாப்பிடலாம். ஒவ்வொரு நேரமும் மீனோ முட்டையோ பருப்போ தட்டில் இருக்கட்டும். சிறுநீரகத்தில் ஏற்கெனவே குறை இருந்தால் மட்டும் அளவை டொக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது, பரிசோதித்தே ஆக வேண்டியவை. நோ எப்போது வருகிறது என்பதுதான் இங்கே துப்பு. அசையாமல் படுத்திருக்கும்போதும் இரவிலும் நோவு நிற்காமல் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிருமித் தொற்று. அதுவும் சீனி வருத்தக்காரரில் காய்ச்சல் இல்லாமலே ஒளிந்திருக்கும். உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் கூடிக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகள் எட்டாம் மாதத்தில் சாதாரண அளவுக்கு வந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் வேறு எங்காவது தொற்று இருக்கிறதா என்று பார்த்து, மூட்டில் இருந்து நீர் எடுத்துப் பரிசோதிப்பார்கள். இங்கே பெரும்பாலும் நடக்கும் பிழை ஒன்று இருக்கிறது: வீக்கத்தைக் கண்டதும் கடையில் அன்டிபயோட்டிக் வாங்கி ஐந்து நாள் கொடுத்து விடுகிறார்கள். அதனால் மூட்டுக்குள் இருக்கும் கிருமி சாகாது, ஆனால் பரிசோதனையில் அகப்படாமல் மறைந்துவிடும். நீர் எடுக்கும் வரை அன்டிபயோட்டிக் கொடுக்கவே வேண்டாம். அதோடு கால் விரல் இடுக்கில் புண், வெடித்த குதிக்கால், சொத்தைப் பல் இவற்றையும் பாருங்கள். அங்கிருந்து கிருமி இரத்தத்தோடு போய் உலோகத்தில் குடியேறலாம்.

எழும்பி நடக்கத் தொடங்கும் முதல் சில அடிகளில் மட்டும் குத்தி, பிறகு குறைந்தால், எலும்பில் இருந்து உலோகம் தளர்கிறதா என்று பார்க்க வேண்டும். படி இறங்கும்போது கால் விட்டுப் போவது போல் இருந்தால் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருக்கலாம். முன்பக்கம் மட்டும் குத்தினால் தசைப் பலவீனத்தோடு சிரட்டை சரியான தடத்தில் ஓடுகிறதா என்பதும் கேள்வி. அதற்கு நின்றபடி எடுக்கும் படமும் பக்கப் படமும் போதாது, முழங்காலை மடக்கி மேலிருந்து சிரட்டையை எடுக்கும் படமும் வேண்டும். எரிச்சலோடு தோல் நிறம் மாறி வியர்த்தால் நரம்பு வலி. அதற்கு மருந்து வேறு. நாரியில் இருந்தும் இடுப்பு மூட்டில் இருந்தும் முழங்காலுக்கு நோ இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உம்மாவைக் கதிரையில் இருத்தி, முழங்காலை அசையாமல் பிடித்துப் பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளும்போது கவட்டுப் பகுதியில் நோவெடுத்தால், இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவை கிளினிக்கில் கேட்க வேண்டியவை. காத்திருக்காமல் உடனே கொண்டு போக வேண்டியவை வேறு: தழும்பில் இருந்து நீரோ சீழோ வருவது, காய்ச்சலோடு முழங்கால் திடீரெனச் சிவந்து வீங்குவது, கெண்டைக்கால் வீங்கி மூச்சுத் திணறுவது, விழுந்த பிறகு காலை நேராகத் தூக்கவே முடியாமல் போவது. கொழும்பு டொக்டருக்கு அழைப்பெடுத்துக் காத்திருக்க வேண்டாம், கல்முனையில் எந்த வைத்தியசாலை கிட்டவோ அங்கே போங்கள்.

இனி இடது கால். உங்கள் கேள்வியின் மையமே இதுதான், பதில் நேரானதல்ல. ஒரு பக்கம் பார்த்தால், முதல் காலில் பிசியோ தவறி நீட்டம் போய்விட்டது. அதே ஏற்பாட்டோடு இரண்டாவதைச் செய்தால் அதே முடிவுதான் வரும். மறுபக்கம், இடது கால் வளைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கால் முழுதாக நீளாமல் 15 பாகை வளைந்து நின்றால் அந்தப் பக்கம் குட்டையாகும். உடம்பைச் சமப்படுத்த நல்ல காலையும் வளைத்தே நிற்க வேண்டி வரும். உம்மாவின் வலது கால் நீளாததற்கு இடது காலும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் வலது காலைப் பற்றிய அதிருப்தியில் ஒரு பகுதி இடது காலில் இருந்து வருகிறது, அதை மாற்றுவதுதான் வலதுக்கும் மருந்து. இதை அளக்காமல் சொல்ல முடியாது. இடது காலையும் மேலே சொன்னபடி படம் எடுங்கள்.

என் ஆலோசனை: இப்போதே திகதி எடுக்காதீர்கள். இரத்தப் பரிசோதனை இரண்டும் செய்து, தொற்று இல்லை என்று உறுதியானதும், கல்முனையில் பிசியோவுக்குப் பதிந்து 12 வாரம் விடாமல் செய்யுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு தரம் போனால் போதும், மீதி வீட்டில். 12 வாரம் கழித்து வலது காலின் குறை 5 பாகைக்குள் வந்து, கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்ப முடிந்தால், இரண்டாவது காலுக்கு உம்மா தயார். நீட்டம் அசையவே இல்லை, இடது காலோ நன்றாக வளைந்திருக்கிறது என்றால், இரண்டையும் ஒன்றாக வைத்துச் சத்திரசிகிச்சை நிபுணரோடு பேசுங்கள். வலது கால் தளர்ந்திருக்கிறது என்று தெரிய வந்தால், இடது கால் காத்திருக்கட்டும்.

செய்வதென்று முடிவெடுத்தால் முன்னதாகச் சில விடயங்கள். மூன்று மாதச் சீனி அளவான எச்.பி.ஏ.1.சி. 8க்குக் கீழே வர வேண்டும். பல நிபுணர்கள் 7.5 கேட்பார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பே இடது காலின் மடக்கையும் நீட்டத்தையும் எழுதி வையுங்கள். கொழும்பில் திகதி எடுக்கும் அன்றே கல்முனையில் பிசியோவுக்கும் திகதி எடுங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே போக வேண்டும், ஆறாம் வாரத்தில் 90 பாகை மடங்க வேண்டும். திரும்பி வரும் வானில் மணிக்கு ஒரு தரம் நிறுத்தி இறங்கி நாலடி நடக்க வைத்து, இருக்கையில் இருக்கும்போது பாதத்தை ஆட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தை இடையில் நிறுத்த வேண்டாம். காலத்தையும் பாருங்கள்: நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. ஒழுங்கை எல்லாம் தண்ணீர் நின்று, ஓட்டோவும் வராமல், வழுக்கும் முற்றத்தில் வோக்கரோடு இறங்க முடியாமல் போவதால்தான் கிழக்கில் பலருக்கு முதல் ஆறு வாரப் பிசியோ கெடுகிறது. முதல் தரம் உங்களுக்கும் மழைதான் குறுக்கே வந்தது. பெப்ரவரிக்குப் பிறகு, நோன்பு மாதம் வராத இடைவெளியாகப் பார்த்துச் செய்யுங்கள்.

நிபுணரிடம் போகும்போது உம்மா செய்ய விரும்பும் மூன்று காரியங்களை அவவின் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக் கொண்டு போங்கள். ஒவ்வொன்றுக்கும் முடியும், முடியாது, பாதி முடியும் என்று பதில் கேளுங்கள். இந்த ஐந்து நிமிடப் பேச்சு முதல் தரம் நடந்திருந்தால் உம்மா இவ்வளவு அழுதிருக்க மாட்டா.

அந்த மூன்றில் தறி கட்டாயம் இருக்கும். அதற்கு நான் இப்போதே பதில் சொல்லலாம்: பெரும்பாலும் முடியும். இருக்கையில் இருந்து மிதிக்கும் தறி என்றால் 90 பாகைக்குச் சற்றுக் கூட மடங்கினால் போதும், மிதி அழுத்துவதே முழங்காலுக்கு நல்ல வேலை. இருக்கைப் பலகையை இடுப்புக்கும் முழங்காலுக்கும் சமமாக, அல்லது இடுப்பு இரண்டு விரல் உயர்ந்திருக்கும்படி உயர்த்துங்கள். உள்ளே நுழையும் பக்கத்தில் பிடிக்க ஒரு உறுதியான கட்டை அடியுங்கள். முதல் வாரம் ஒரு தடவைக்கு 10 நிமிடம், வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் எழும்பிக் காலை நீட்ட வேண்டும். குழித்தறி என்றால் இறங்கி ஏறுவதுதான் ஆபத்து. இடது கால் சரியாகும் வரை அதில் இறங்க விடாதீர்கள். அதுவரை நூல் சுற்றும் வேலையைக் கதிரையில் இருந்து செய்யட்டும்.